மாப்பிள்ளை வீடு

மே 14

முதலில் ஒரு திருட்டுத்தனத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் கடைசி மூன்று மாதம் அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தேன். ஆனால் இன்று காலையில் ஜெசிந்தா சிஸ்டர் வார்டில் நின்று, "கூட இருக்கறவங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சது யாரு?" என்று கேட்டதும், பத்துப் பேர் பார்க்கக் கையைத் தூக்கி, "எட்டாவது பாஸுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அதற்குத் தண்டனையாக இந்த டைரி கைக்கு வந்தது. எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, காய்ச்சல் எத்தனை, எல்லாம் எழுத வேண்டுமாம். ஏதோ நூல் கம்பெனி கொடுத்த போன வருஷத்து டைரி. அதில் அச்சடித்த கிழமை ஒன்று, ஊரில் நடக்கிற கிழமை ஒன்று.

படுத்திருப்பது சுகந்தி. என் தம்பி முருகவேலின் பெண்டாட்டி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போதிருந்து தம்பி வீட்டில்தான் என் தட்டும் பாயும். சுகந்தி என்னை நங்கை என்பாள். புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நங்கைக்குக் கேலி பேச உரிமை உண்டு. நான் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

மூன்று நாளாக இவளுக்குக் குளிர்க்காய்ச்சல். கட்டில் கிடுகிடுவென்று ஆடுகிறது. வலப்பக்கம் முதுகில், இடுப்புக்கு மேலே கை வைத்தால் கத்துகிறாள். கிட்னியில் கிருமி ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"வேலை செய்யற எடத்துல தண்ணி குடிப்பாங்களா? மூத்திரம் வந்தா அடக்கி வெச்சுக்குவாங்களா?"

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே மேசையில் வேலை. அதனால் நான்தான் பதில் சொன்னேன்.

"இந்த வருஷம் வெயிலு அப்படிங்க சார்."

உள்ளே: 600 மில்லி. வெளியே: 150. காய்ச்சல் 103.


மே 15

உள்ளே 900. வெளியே 200. காய்ச்சல் 102.

ஜெசிந்தா சிஸ்டர் என் எழுத்தைப் பார்த்து, "எட்டாவதுல கோழி கிறுக்கறதுக்குத் தனிப் பாடமா?" என்று கேட்டது. எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.


மே 16

காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. சுகந்தி அரை இட்லி தின்றாள். எனக்கு வாய் நமநமவென்றது. "ஏம் புள்ள, ஊசி போடற டாக்டருக்கு உன்ற கை ரொம்பப் பிடிச்சுப் போச்சாட்ட இருக்குது, மூணு தரம் குத்தறாரு" என்றேன். எதிர்க்கட்டில் அம்மாள் சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை. காய்ச்சல்காரிக்கு எங்கே சிரிப்பு வரும்.

பெண்கள் வார்டு. பகலில் ஆம்பளைகளை உள்ளே விடுவதில்லை. அதனால் நான்தான் பெட்பேன் வைக்க வேண்டும். வைத்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று, ஒரு சொட்டும் இல்லை.

"வரலீங் நங்கை."

"வயிறு கல்லாட்ட இருக்குது. வரலைன்னா எப்படி?"

"நீங்க கொஞ்சம் அக்கட்டால போங்."

போய் வராந்தாவில் நின்றேன். திரும்பி வந்தால் நானூறு மில்லி. ஒரேயடியாக நானூறு. நான் பக்கத்தில் இருக்கிறவரைக்கும் வராத நானூறு.

சரியாகப் படுக்கவில்லை போல, அதனால்தான் முதலில் வரவில்லை.


மே 17

நான் வராந்தாவிலேயே இருந்தேன். சிஸ்டர் அளந்து சொன்னது. வெளியே 1100.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி முகூர்த்தம். குழாய் ஸ்பீக்கரை ஆஸ்பத்திரிப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். "மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சாப்பிட வாங்க, மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சாப்பிட வாங்க" என்று ஒரு ஆள் நாற்பது தரமாவது கத்தியிருப்பான். சுகந்தி ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலி இருக்கிற பக்கம் அழுந்துமே என்றேன். பரவாயில்லை என்றாள்.

ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி இல்லை. திறந்துகொண்டது.


மே 18

காய்ச்சல் மறுபடி 103. நாலு நாள் மருந்து ஏறியும் இப்படி. வலியும் கூடிவிட்டது. மூத்திரம் பீட்ரூட் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் என்னையும் முருகவேலையும் உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அவரைக்கொட்டை மாதிரி கிட்னி. அதிலிருந்து ரத்தம் திரும்பிப் போகிற குழாய். அந்தக் குழாய்க்குள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறதாம். கிருமி முற்றி, உடம்பில் தண்ணீரும் வற்றிப்போனால், அபூர்வமாக இப்படியும் ஆகுமாம். தையல் மிஷினில் நூல் சுருண்டு அடியில் போய்க் கட்டிக்கொள்ளுமே, அது மாதிரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்திரியால் வெட்டி எடுக்கலாம். இது ஓடிக்கொண்டே இருக்கிற மிஷின்.

"கட்டி அங்கயே இருந்தா ஊசி போட்டுக் கரைய விடலாம். பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னாத்தான் ஆபத்து. உசுருக்கே."

வயிற்றில் கொழுப்பைப் பிடித்து ஊசி போட்டார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு தரம்.

வராந்தாவில் முருகவேல் கேட்டான். "ஏக்கா, தண்ணி வத்தற அளவுக்கா வேலை? நீ பக்கத்துலதானே உக்காந்திருக்கற? அவ தண்ணி குடிக்கலைன்னு உனக்குத் தெரியாதா?"

"நூறு பீஸ் கண்ணு முன்னால கெடக்கறப்ப யாரு குடிக்கறா, யாரு குடிக்கலைன்னா பாத்துட்டிருப்பாங்க?" என்றேன்.


மே 19

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். எட்டு வீட்டு லைனில் எங்கள் வாசலில் மட்டும்தான் ஒரு கறிவேப்பிலைச் செடி, பெயின்ட் டப்பாவில். இந்தக் கோடையில் ஊர் முழுக்கச் செடி கருகிக் கிடக்க, இது மட்டும் தளதளவென்று நிற்கிறது. லைன்காரிகள் எல்லாரும் கேட்பார்கள், என்ன உரம் போடறீங்க என்று.

உரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் சுகந்தியின் தண்ணீர்ப் பாட்டிலை இதில் கவிழ்ப்பேன். ஒரு லிட்டர் பாட்டில். காலையில் எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரும். நாலு மாதமாக நான்தான் கவிழ்க்கிறேன்.

இன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

அப்படியே கம்பெனிக்கும் போய் லீவு சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். எங்களுடையது பிசிறு வெட்டுகிற மேசை. தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டிப் போடுகிற வேலை. ஒரு மேசைக்கு ஆறு பேர். பீஸ் கணக்கு மேசைக்குச் சேர்த்துத்தான். ஒருத்தி எழுந்து போனால் மற்ற ஐந்து பேரும் அவள் பங்கையும் சேர்த்து வெட்ட வேண்டும். மேசைக்குப் பெரியவள் நான்.

எங்கள் மேசைச் சரோஜினி ஓடி வந்து சுகந்தியைப் பற்றி விசாரித்தாள். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, அதே மேசையில் இருக்கிற பேபி கக்கூசுக்குப் போகக் கத்திரியை வைத்துவிட்டு எழுந்தாள். சரோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்த்துச் சிரித்தபடி கத்தினாள்:

"கெளம்பியாச்சாக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு!"

அடுத்த மேசையும் சிரித்தது. அதற்கடுத்த மேசையிலிருந்து ஒருத்தி, "மாப்பிள்ளைய விசாரிச்சதாச் சொல்லு" என்றாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், சமைத்தவளிடம் உப்புச் சரியா என்று கேட்கிற மாதிரி.

பேபி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிரித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். சிரித்தேன்.


மே 20

உள்ளே 1400. வெளியே 1000. நிறம் கொஞ்சம் தெளிவு. இன்று மண்டபத்தில் கல்யாணம் இல்லை. ஆனாலும் அந்த ஆள் கத்துகிற மாதிரியே இருந்தது. எதிர்க்கட்டில் அம்மாளிடம் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லையே என்றது.


மே 21

மத்தியானம் பன்னிரண்டரை. ரசம் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாய் வாங்கினாள். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நெஞ்சைப் பிடித்தாள். "மூச்சு" என்றாள். அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை. உதடு நீலமாகப் போயிற்று.

நான் கத்தின கத்தலில் மூன்று வார்டிலிருந்து ஆள் வந்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது. ஐசியூ கதவு என் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. கையில் சோறு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ மனசு வரவில்லை.

டாக்டர் சொன்னார்: நாற்பத்தெட்டு மணி நேரம்.


மே 22

எழுத ஒன்றும் இல்லை. அளக்க ஆள் உள்ளே இருக்கிறார்கள்.


மே 23

ஐசியூவுக்கு வெளியே பெஞ்சு. பக்கத்தில் கக்கூசுக்கு வரிசை. யாரோ ஒரு பெண் இன்னொருத்தியை, "மறுபடியுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். சும்மா கேட்டாள். அந்தப் பெண்ணிடம் போய், "அப்படிக் கேக்காதம்மிணி, அவ போய்ட்டு வரட்டும்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் சொன்னார்கள், கண் விழித்துவிட்டாள், ஆக்சிஜன் மட்டும் போதும் என்று. முருகவேல் சுவரோடு உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை. எனக்கு வேறு பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. செத்திருந்தால் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படி ஒன்றை எழுதிவிட்டேன். அடிக்கலாம் என்று பார்த்தேன். பேனா மை கசிகிறது. அடித்தால் அடுத்த பக்கமும் பாழாகும்.


மே 25

வார்டுக்கு வந்துவிட்டாள். மூக்கில் குழாய். மெல்லப் பேசுகிறாள். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

"சுகந்தி."

"ம்."

"தை மாசம் நீ மேசைக்கு வந்த புதுசுல, மணிக்கொருக்கா எந்திரிச்சுப் போய்ட்டு வருவே. சூப்பர்வைசர் என்றகிட்ட வந்து, உங்க மேசைல ரொம்ப எந்திரிக்கறாங்கக்கா, கொஞ்சம் பாத்துக்கங்கன்னாரு. நானும் நோகாம பாத்துக்கறனுங்கன்னேன். திட்டுனா உனக்குச் சங்கடம். அதான் கேலி பண்ணுனேன். கேலின்னா யாருக்கும் வலிக்காதுன்னு. உள்ள மாப்பிள்ளையக் கட்டி வெச்சிருக்கறயான்னு."

சுகந்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா வெளையாட்டுக்குப் பண்ணலை புள்ள. உன்னைய உக்கார வெக்கத்தான் பண்ணுனேன். பாட்டிலு நெறஞ்சு வர்றதும் தெரியும். செடிக்கு ஊத்துனேன்."

மூக்கிலிருந்த குழாயைச் சரி செய்துகொண்டாள். பிறகு, "அதைச் சொல்லுங் நங்கை" என்றாள்.

"எதை?"

"மேசைல சொன்னீங்கல்ல. கையை ஆட்டிச் சொல்வீங்கல்ல. அதே மாதிரி."

"வேண்டாஞ்சாமி."

"சொல்லுங்."

சொன்னேன். கையையும் ஆட்டினேன். "என்னம்மிணி, உள்ள மாப்பிள்ளையக் கட்டி வெச்சிருக்கறயா, மணிக்கொருக்கா பாத்துட்டு வர்றே?" எதிர்க்கட்டில் அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டது.

"இன்னொருக்கா."

சொன்னேன். அம்மாள் கொஞ்சமாகச் சிரித்தது.

"இன்னொருக்காங்."

மூன்றாவது தரம் என் குரல் எனக்கே பிடிபடவில்லை. யாரோ எனக்குள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அம்மாள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"நாலு மாசம் கேட்டனுங்" என்றாள் சுகந்தி. "நீங்க மூணு தரந்தான் சொல்லியிருக்கறீங்க." மூச்சு வாங்கினாள். "அவருகிட்ட நான் சொல்லலை. நீங்க சொல்றதுன்னா சொல்லுங். இப்ப சிஸ்டரைக் கூப்புடுங், எனக்கு மூத்திரம் வருது."

வராந்தாவுக்குப் போனேன்.


ஜூன் 3

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஆறு மாதத்துக்கு. வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால், உடம்பில் தானாக நீலம் கட்டினால் உடனே ஓடி வரச் சொன்னார்கள். ஜெசிந்தா சிஸ்டர் டைரியை என்னிடமே கொடுத்து, "வீட்லயும் எழுதுங்க எட்டாவது பாஸு" என்றது. ஐந்தாவதுதான் சிஸ்டர் என்றேன். "அது முதல் நாளே தெரியும்" என்றது.

முருகவேலிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசிவரை கேட்டான். "நீயாக்கா?" என்று மட்டும் கேட்டான். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனான்.


ஜூன் 4

பேசவில்லை.


ஜூன் 7

பேசவில்லை. சுகந்தி தேவைக்குப் பேசுகிறாள். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழு சொம்பையும் குடிக்கிறாள். நானும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.


ஜூன் 9

வேலைக்குப் போனேன். டீ நேரத்தில் மேசையில் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். கிருமி, கட்டி, நுரையீரல், எல்லாம். சூப்பர்வைசர் சொன்னதையும் நான் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். சரோஜினி கையில் டீ ஆறிப்போயிற்று. "நாங்களுந்தானேக்கா சொன்னோம்" என்றாள். "நான் கட்டுன பேருதானே" என்றேன். இனிமேல் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். வாங்கி அரை மணி நேரம் ஆகியிருக்காது. மூன்றாவது மேசையில் ஒரு புதுப் பெண் எழுந்தாள். அவளைப் பார்த்து யாரோ அதையே சொன்னார்கள். சொன்னவளுக்குச் சுகந்தி யார் என்று தெரியாது. என்னையும் தெரியாது. அது தானாக நடமாடுகிறது.


ஜூன் 10

ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்து மணிக்கு எழுந்தேன். பன்னிரண்டுக்கு எழுந்தேன். மூன்றுக்கு எழுந்தேன். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்து, மூன்று மேசையையும் சுற்றிக்கொண்டு, சத்தமாக, "கக்கூசுக்குப் போறேன், யாரு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறேன். எல்லாரும் என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேபி கூட வந்தாள். புதுப் பெண்ணும் வந்தாள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.


ஜூன் 14

முருகவேல் பேசினான். "அக்கா, உப்பு" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.


ஜூலை 30

உள்ளே 2500. வெளியே, தெரியாது. வீட்டில் யார் அளப்பது. லைனில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ரெண்டே கக்கூசு. நான் வாசலில் உட்கார்ந்திருந்தால் சுகந்தி இன்னமும் போவதில்லை. நான் உள்ளே வந்த பிறகுதான் போகிறாள். அதனால் நான் வாசலில் உட்காருவதை விட்டுவிட்டேன். சாயங்காலத்தில் வாசல் பக்கம் யாராவது சிரித்தால் உள்ளேயிருந்து கேட்கும்போது என் சிரிப்பு மாதிரியே இருக்கிறது.


ஆகஸ்ட் 24

இன்று மூன்றாம் மாதப் பரிசோதனை. கட்டி கரைந்திருக்கிறதா என்று ஸ்கேன். கூடவே காலையில் முதல் மூத்திரம் ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முருகவேலும் சுகந்தியும் ஸ்கேன் வரிசையில் இடம் பிடிக்க வண்டியில் முன்னாடியே கிளம்பினார்கள். நான் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

வண்டி ஏறப் போனவள் திரும்பி வந்தாள். கையில் பாட்டில். அவரிடம் கொடுத்தால் வண்டிக் குலுக்கலில் கொட்டிவிடுவாராம். "நீங்களே கொண்டாங் நங்கை" என்று என் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கேலி ஆயிரம் வந்தது வாயில். ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டிலை நேராக நிற்க வைத்துத் தயிர்ச்சோற்று டப்பாவுக்கும் துண்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ரெண்டாவது வேகத்தடையில் பாட்டில் மூடி திறந்துகொண்டது. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதர். "ஏனம்மா, ரசம் கொட்டுது போலிருக்குது" என்றார். இல்லீங்க என்றேன். "பின்ன மோரா?" என்றார். இல்லீங்க என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுந்து நின்றுகொண்டு வந்தார், ஆஸ்பத்திரி ஸ்டாப் வரை.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. கட்டி முக்கால்வாசி கரைந்துவிட்டது, மீதிக்கு மாத்திரையை விடக் கூடாது என்றார்கள். சுகந்தியிடம் பாட்டிலைக் காட்டினேன். அடியில் ரெண்டு ஸ்பூன் இருந்தது. பாட்டிலைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள். "பரவால்லீங், இன்னும் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் புதுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு கக்கூசுக்குள் போனாள். கதவுக்கு வெளியே என்னை நிற்கச் சொன்னாள். நின்றேன்.

மத்தியானம் தயிர்ச்சோற்றை யாரும் தொடவில்லை. வாசலில் இருந்த நாய்க்கு வைத்தேன். அது கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.